"நிமிர்ந்து உட்காரு" என்று சொல்லாமலே பதின்ம வயதினருக்குச் சரியாக நிற்கவும் உட்காரவும் கற்றுக்கொடுக்க

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் "நிமிர்ந்து உட்காரு" என்றால் ஒரு நிமிடம் நிமிர்வார்கள், அப்புறம் பழையபடி சரிந்துவிடுவார்கள். அது அடம் இல்லை. நிமிர்ந்தால் எப்படி இருக்கும் என்பதே பலருடைய உடம்புக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் கை கால் சட்டென்று நீளும். போன வருடம் பொருந்திய நாற்காலி இப்போது பொருந்தாது. உயரமாகிவிட்ட கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அதனால் திட்டும் கேலியும் கூடவே கூடாது. ஒரு தடவை "கூன் விழுந்துடுச்சு பார்" என்று சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

படி 1: சுவரோடு நிற்கச் சொல்லுங்கள்

வெறுங்காலோடு, குதிகால் சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பின்புறம், தோள்பட்டை எலும்புகள், பின்தலை ஆகியவை சுவரில் பட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருப்பது இயல்பு. முதுகெலும்பு குச்சி மாதிரி நேராக இருக்காது. கழுத்திலும் இடுப்பிலும் உள்பக்கமாகவும், நடுமுதுகில் வெளிப்பக்கமாகவும் வளைந்துதான் இருக்கும்.

இப்போது கவனியுங்கள். முகவாயைத் தூக்கினால்தான் பின்தலை சுவரைத் தொடுகிறதா? தலை முன்னால் நகர்ந்திருக்கிறது. தோள் பட மறுக்கிறதா? முன்பக்கமாக உருண்டிருக்கிறது. இடுப்புக்குப் பின்னால் மடக்கிய கையே தாராளமாக நுழைகிறதா? இடுப்பு முன்னால் சாய்ந்திருக்கலாம். அவசரப்பட்டு நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

படி 2: கழுத்துத் தசையைத் தொட்டுப் பார்க்கட்டும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு கையைப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு, மடியில் இருக்கும் போனைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் தசை இறுகும். தலையின் எடை கிட்டத்தட்ட 5 கிலோ. அது முன்னால் விழாமல் இழுத்துப் பிடிப்பது அந்தத் தசைதான். போனை மெதுவாகக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தால் தசை தளர்வதையும் விரல் உணரும். நூறு தடவை சொல்வதைவிட இது ஒரு தடவை போதும்.

60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று ஒரு கணக்கு பரவலாகச் சுற்றுகிறது. அது கணினியில் உருவாக்கிய கழுத்து மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம்.

படி 3: இடத்தைச் சரிசெய்யுங்கள்

பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் பலகை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப் என்றால் அதைப் புத்தகங்கள்மேல் தூக்கி வைத்து, கீபோர்டைத் தனியாக இணையுங்கள். பள்ளிப் பை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கனமான புத்தகம் முதுகை ஒட்டி, பட்டை இரண்டும் தோளில்.

படி 4: அசையச் சொல்லுங்கள்

எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும் அதிலேயே மணிக்கணக்கில் உறைந்திருந்தால் உடம்பு வலிக்கும். கொஞ்சம் சரிந்து உட்கார்ந்ததாலேயே முதுகு கெட்டுவிடாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது, நின்றபடி படிப்பது, சற்று நேரம் குப்புறப் படுத்துப் படிப்பது எல்லாம் சரிதான். மாறி மாறி இருப்பதுதான் முக்கியம்.

படி 5: இரண்டே பயிற்சிகள்

ஒன்று, பார்வை நேராக இருக்க, முகவாயைப் பின்னோக்கி இழுத்து 5 நொடி நிறுத்துவது. தலையைக் குனியக் கூடாது, இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் நேராகப் பின்னால் போக வேண்டும். இன்னொன்று, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கை மடித்த கைகளைச் சுவரை ஒட்டியே மேலும் கீழும் நகர்த்துவது. இரண்டும் தினம் 10 தடவை. வலித்தால் நிறுத்திவிடலாம்.

படி 6: பழக்கத்தால் வராதவற்றைப் பிரித்தறியுங்கள்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை இணைத்து, முழங்கால் மடக்காமல் முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் ஸ்கோலியோசிஸ் எனும் பக்கவளைவாக இருக்கலாம். பதின்ம வயதினரில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரியாது. பையாலோ உட்காரும் விதத்தாலோ வருவதில்லை என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பழக்கத்தால் வந்த கூன், நிமிரச் சொன்னால் மறைந்துவிடும். நிமிர்ந்தாலும் மறையாமல் விறைப்பாக நின்றால் ஷூயர்மன் நோயாக இருக்கலாம். அதில் முதுகெலும்புக் கட்டைகளே ஆப்பு வடிவத்தில் வளர்ந்திருக்கும். இந்த இரண்டில் எது தென்பட்டாலும், தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் மரத்துப்போதல், பலவீனம் இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளைவு கூடாமல் தடுக்க உடம்பில் பட்டை (பிரேஸ்) அணியும் சிகிச்சை எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில்தான் பலன் தரும். அதனால் அடுத்த விடுமுறைவரை தள்ளிப்போடாதீர்கள்.