நீதிமன்ற நிர்வாகக் கூட்டங்களும் பொதுமக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பட்டணத்தில், நீதிமன்றத்துக்கும் ஊராட்சியை நடத்தும் மாவட்ட மன்றத்துக்கும் மனு எழுத வருவோருக்கு நீண்டகாலமாக உதவி வருகிறேன். அண்மையில் இப்பணிக்கு வந்துள்ள இளையோர், முன்பு நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். தேதி போடாமல் கடிதம் அனுப்புவது, நகல் எடுத்து வைக்காதது போன்றவற்றை அவர்கள் தாமாகவே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

விசாரணைக்குத் திறந்த கதவு கூட்டத்துக்கும் திறந்தது என்று எண்ணுதல்

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால், எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது.

நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பது உண்மைதான். வழக்கை விசாரிப்பதற்காக நீதிமன்றம் கூடும் இடம் பொதுமக்கள் வந்து அமரக்கூடிய இடம் என்று 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. தக்க காரணம் இருந்தால் மூடிய அறையில் விசாரிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டம் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் ஆகியவற்றுக்கு உரியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கும் குற்ற வழக்குகளுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதே உரிமையை அளிக்கிறது. இரண்டும் பேசுவது விசாரணையைப் பற்றி மட்டுமே. மாஜிஸ்திரேட் எந்த ஊரில் எந்த நாளில் அமர்வார், நீதிமன்றத்தின் சேவை முகப்பு எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் முடிவெடுக்க அதிகாரிகள் கூடும் அறைக்கு அவை பொருந்தா.

எங்கள் வட்டாரத்தில் ஒரு நீதிமன்றம் அமரும் நாள்களைக் குறைத்தபோது, தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா, பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச வழக்குக்காகப் பேருந்து பிடித்து வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. போகும் ஒவ்வொரு முறையும் அன்றைய கூலி போயிற்று. நம் இளையோர் அவருக்காக மனு எழுதினார்கள். முதல் மூன்று பக்கங்களும், அட்டவணையை முடிவுசெய்யும் கூட்டத்தில் தங்களை உட்கார விட வேண்டும் என்ற கோரிக்கைக்கே போயின. 15ஆம் பிரிவு முழுமையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதன்கீழ் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில விதி ஒன்றும் இருந்தது. அக்காவின் கதை கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. அவர் நெகிழிப் பையில் கொண்டுவந்து கொடுத்த சம்பளச் சீட்டுகளை யாரும் இணைக்கவே இல்லை. அது உள்நிர்வாகக் கூட்டம் என்று ஒரே பத்தியில் பதில் வந்தது. கேட்டதற்குத்தானே பதில் சொல்வார்கள்? அதற்குள் அடுத்த ஆண்டின் அட்டவணையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிட்டது.

கலிஃபோர்னியா விதி பொய்யன்று. அம்மாநிலத்தின் நீதித்துறையை நிர்வகிக்கும் மன்றத்தின் கூட்டங்கள், குறிப்பிட்ட சில பொருள்கள் நீங்கலாக, பொதுமக்களுக்குத் திறந்தவை. அதன் ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்களையும் 10.75ஆம் விதி 2014இல் திறந்துவிட்டது. ஆனால் அதே அமெரிக்காவில், கூட்டரசு நீதிமன்றங்களுக்கான கொள்கையை வகுக்கும் நீதிபதிகள் மாநாடு மூடிய கதவுக்குள்தான் கூடுகிறது. நடைமுறை விதிகளை ஆராயும் அதன் குழுக்களின் கூட்டங்களை மட்டும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்தது. ஒரே நாட்டிற்குள்ளேயே அமைப்புக்கு அமைப்பு மாறும் விதியை நம் ஊர்த் துணைப் பதிவாளரிடம் நீட்டினால், அவர் அதை எந்தக் கோப்பில் வைப்பார்?

கூட்டத்திற்குள் நுழைவதைவிடக் கூட்டத்தின் மேசைக்கு நம் காகிதம் போய்ச் சேர்வதே முக்கியம். முன்பு நீதிமன்றம் அமர்ந்த நாள்கள், இப்போது அமரும் நாள்கள், முதல் பேருந்தின் நேரம், இழந்த கூலிக்கான சீட்டு, மாதத்தில் எத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்ற தெளிவான வேண்டுகோள் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அட்டவணை முடிவாகும் முன்பே அது போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் உட்கார அனுமதி கேட்பதற்குப் பதிலாக, அதிகாரியை நேரில் காண நேரம் கேளுங்கள். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் மாநிலக் குழுவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். கேட்கப்படும்போது சட்ட நிர்வாகம் குறித்துக் கருத்துரைப்பது, மலேசிய வழக்கறிஞர் மன்றத்துக்கு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வகுத்த நோக்கங்களில் ஒன்று. உறுப்பினரோ மக்களவையில் கேள்வி எழுப்பலாம். அவையில் தரப்படும் பதில் பதிவேட்டில் ஏறும்.

எந்த அமைப்பு என்று பாராமல் எழுதுதல்

நீதிபதிகளின் பேரவை வேறு, நீதித்துறை நியமன ஆணையம் வேறு, விதிக்குழு வேறு. முதலாவது, நீதிமன்றங்கள் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூடி நீதி நிர்வாகத்தைப் பரிசீலிக்கும் நீதிபதிகளின் கூட்டம். இரண்டாவது, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தலைமை நீதிபதி தலைவராக இருக்க, ஒன்பது உறுப்பினர்களைக் கொண்டு, நீதிபதி பதவிக்கு உரியவர்களைப் பிரதமருக்குப் பரிந்துரைப்பது. மூன்றாவது நடைமுறை விதிகளை இயற்றுவது. உங்கள் ஊரில் மாஜிஸ்திரேட் அமரும் நாளை நியமன ஆணையத்திடம் கேட்டு எழுதினால், அஞ்சல் தலைக்கான காசுதான் நட்டம். (அப்படி ஒரு கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் நானே தடுத்திருக்கிறேன்.)

மாவட்ட மன்றத்தின் பழக்கத்தை இங்கே கொண்டுவருதல்

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்களைப் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்துவைக்கிறது. ஆகவே முழுக்கூட்டத்தில் போய் உட்கார்ந்து பழகியவர்கள், நீதிமன்றத்திலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அங்கேகூட, குழுக்கூட்டங்கள் அக்குழுவே தீர்மானித்தாலன்றித் திறந்தவை அல்ல. அமர்ந்து கேட்கும் உரிமை எழுந்து பேசும் உரிமையும் அன்று.

கைத்தொலைபேசியில் பதிவு செய்தல்

அனுமதியின்றிச் செய்யாதீர்கள்.

தமிழில் மட்டும் எழுதுதல்

மலாயில் எழுதுங்கள், மனுதாரருக்குப் படித்துக் காட்டத் தமிழில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தை மனுவில் கொட்டுதல்

அட்டவணையைக் குறை சொல்லலாம். நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்கும் ஒரு வரி மனுவில் இருந்தால், நீதிமன்ற அவமதிப்பு என்ற வேறொரு விவகாரம் தொடங்கிவிடக்கூடும். அதில் முதலில் மாட்டிக்கொள்பவர், எழுதிக்கொடுத்த நாமல்ல, கீழே கையெழுத்திட்ட அந்த அக்காதான்.