தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு கிழமை உறுதி: மிச்ச நாட்களை எப்படிக் கோர்ப்பது?

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற சித்தப்பாவோ மாமாவோ தன்னுடைய டைம்ஷெயார் கிழமையை (ஒரு ரிசார்ட்டில் வருடத்துக்கு ஒரு கிழமை தங்கக் காசு கட்டி வாங்கிய உரிமை) கொழும்பிலுள்ள குடும்பத்துக்குத் தருவது இப்போது வழமையாகிவிட்டது. தங்குமிடம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் முதலில் விமான ரிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. டைம்ஷெயாரில் திகதி உங்களுக்காக அசையாது. பெரும்பாலான ரிசார்ட்டுகளில் உள்ளே போவது பின்னேரம் 4 மணிக்கு, வெளியேறுவது காலை 10 மணிக்கு. ஏழு இரவு என்றாலும் முழு நாளாகக் கிடைப்பது ஆறுதான். உள்ளே போகும், வெளியேறும் இந்த இரண்டு நேரங்களையும் தாளில் எழுதிக்கொண்டு, மற்றதெல்லாவற்றையும் அவற்றிலிருந்து முன்னும் பின்னும் கணக்குப் பாருங்கள்.

நிலையான கிழமை என்றால் வருடத்தின் 52 கிழமைகளில் ஓர் இலக்கம். ஆனால் அந்த இலக்கம் எந்தத் திகதியில் விழும் என்பது, ரிசார்ட் வெள்ளியில் எண்ணுகிறதா, சனியில் எண்ணுகிறதா, ஞாயிறிலா என்பதைப் பொறுத்தது. வருடத்தின் முதல் சனியிலிருந்து எண்ணினால் 15ஆம் கிழமை 2026இல் ஏப்ரல் 11 முதல் 18 வரை; 2027இல் ஏப்ரல் 10 முதல் 17 வரை. வெள்ளியிலிருந்து எண்ணினால் 2026இல் அதே 15ஆம் கிழமை ஏப்ரல் 10இல் தொடங்கும். ஆகவே "எங்கட கிழமை பதினைஞ்சு" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி ரிக்கெட் எடுக்க வேண்டாம். ரிசார்ட் அனுப்பும் உறுதிக் கடிதத்தில் உள்ள திகதிதான் திகதி.

அந்தக் கடிதத்தை வாங்கும்போதே வேறு நான்கு விஷயங்களையும் கேட்டு வையுங்கள். அந்த வருடப் பராமரிப்புக் கட்டணம் கட்டியாகிவிட்டதா (நிலுவை இருந்தால் பதிவைத் தடுத்துவிடுவார்கள்). உரிமையாளர் கூட வராவிட்டால் விருந்தினர் சான்றிதழ் எடுத்தாயிற்றா. அதில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் எங்கள் ஆட்களுக்கு வரும் குழப்பம் வரவேற்பு மேசையில் பெரிய தலையிடி. மூன்றாவது, எத்தனை பேர். "ஆறு, நான்கு" என்று எழுதியிருந்தால் ஆறு பேர் படுக்கலாம், அதில் நால்வருக்குத்தான் கதவு பூட்டும் அறை, மற்ற இருவர் ஹோல் சோபாவில் என்று பொருள். கைக்குழந்தையையும் எண்ணுவார்களா என்று கேளுங்கள். ஏழாவது ஆளாக அம்மம்மாவைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. நான்காவது, அங்கே போய்க் கட்ட வேண்டிய மின்சாரக் கட்டணம், முற்பணம், கட்டாய உணவுத் திட்டம் ஏதும் உண்டா.

இனி விமானம். கொழும்பிலிருந்து பாங்கொக் நேரடியாக ஏறக்குறைய மூன்றரை மணிநேரம், அங்கிருந்து புக்கெட் ஒன்றேகால் மணிநேரத்துக்குச் சற்று மேல். கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகவும் போகலாம். தாய்லாந்து நேரம் எங்களைவிட ஒன்றரை மணி முன்னே. கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்களில் திகதியைக் கவனமாகப் படியுங்கள்: வெள்ளி அதிகாலை 1 மணி என்றால் வியாழன் இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளி இரவு பெட்டியோடு விமான நிலையம் போய் நின்ற குடும்பங்கள் உண்டு.

பாங்கொக்கில் விமான நிலையம் இரண்டு. சுவர்ணபூமியில் இறங்கி, மலிவு விமானத்துக்காக டொன் முவாங் போக வேண்டியிருந்தால் நகரத்து நெரிசலில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போகலாம். தனித்தனி ரிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. மலிவு விமானங்களில் பொதிக்குத் தனிக்காசு. இடையில் குறைந்தது ஐந்து மணிநேரம் விடுங்கள். அதைவிட நல்லது, கூடுதல் இரவை டைம்ஷெயாருக்கு முன்னால் வைப்பது. ஒருநாள் தாமதித்தால் போவது பாங்கொக்கின் ஹோட்டல் இரவு. ஏழில் ஒன்று போகாது. அந்த ஒருநாளில் சிலோம் வீதி மாரியம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். அது எங்கள் தமிழர்கள் எழுப்பிய கோயில்.

2024 ஜூலையில் இலங்கையரும் விசா இன்றிப் போகக்கூடியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை. ரிக்கெட்டுக்குக் காசு கட்டும் அன்றே தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் கிழமை எந்தப் பருவத்தில் விழுகிறது என்பது. புக்கெட்டின் மேற்குக் கரைக்கு மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் ஹிக்கடுவைக்கு வருவது போலவே. பத்தொங், கரோன், கத்தா கரைகளில் சிவப்புக் கொடி ஏறினால் நீந்தக்கூடாது. அலை சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும் நீரோட்டம் ஆளைக் கொண்டுபோகும். சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை மூடியிருக்கும். பீ பீ தீவுகளின் மாயா விரிகுடாவை ஓகஸ்ட், செப்டெம்பரில் மூடுவார்கள். கொழும்பு ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு டைம்ஷெயார் கிடைத்தவர்கள் இதைத் தெரியாமல் போய் முகம் சுருங்குகிறார்கள். அந்தக் காலத்தில் ஒதுக்கமான பாங்-ஙா விரிகுடாவை நம்புங்கள். சுண்ணாம்புக் குன்றுகள் நடுவே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கையில் கூடுதல் நாலு நாள் இருந்தால் டைம்ஷெயாருக்குப் பிறகு விமானத்தில் கோ சமுயி தீவுக்குப் போங்கள்: அது மறுபக்கக் கடல், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே மழை குறைவு. ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். அப்போது சமுயியில்தான் மழை.

ஏப்ரலில் விழுந்தால் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்ரான், 13 முதல் 15 வரை. எங்கள் புத்தாண்டும் அதே நாட்கள். தெருவில் நடப்பவர் எல்லோருக்கும் தண்ணீர் அடிப்பார்கள், தொலைபேசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போடுங்கள். உள்ளூர் விமானங்கள் நிரம்பிவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே எடுக்க வேண்டும். செப்டெம்பர் கடைசி அல்லது ஒக்டோபரில் என்றால் ஒன்பது நாள் சைவ உணவுத் திருவிழா கிடைக்கலாம். அலகு குத்தி ஊர்வலம் போவதைப் பார்த்தால் ஊர்க் காவடி நினைவுக்கு வரும். மற்றக் காலங்களில் மரக்கறிக்காரருக்கு அங்கே சங்கடம் மீன் சோஸ்தான்: "சைவம்" என்று கேட்டாலும் சேர்ந்துவிடும். "ஜே" என்று கேளுங்கள். அதில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை, வெங்காயம் உள்ளியும் இல்லை.

சனி முதல் சனி வரை என்று வைத்தால், உள்ளே ஓடும் வரிசை இப்படி இருக்கட்டும். வெள்ளி பாங்கொக், சனி நண்பகல் விமானத்தில் புக்கெட். விமான நிலையம் தீவின் வடக்கில் இருப்பதால் பத்தொங் போக ஒரு மணிநேரம். ஆறு பேர், ஆறு பெட்டி என்றால் இரண்டு கார் பிடிக்காமல் ஒரு வான் பேசிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை சூப்பர்மார்க்கெட், மாலை பழைய புக்கெட் நகரின் தலாங் வீதிச் சந்தை. அது ஞாயிறு மட்டும்தான். படகுப் பயணங்களைத் திங்களும் செவ்வாயும் போட்டுவிடுங்கள். காற்று வந்து ரத்தானால் புதன், வியாழனுக்கு நகர்த்த இடம் இருக்கும். கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்தவர்கள்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டு மல்லுக்கட்டுகிறார்கள். சிமிலனுக்கு விடிய 5, 6 மணிக்கே ஏற்ற வருவார்கள். கர்ப்பிணிகளையும் முதுகுவலிக்காரரையும் வேகப்படகில் ஏற்றமாட்டார்கள். தேசியப் பூங்காக் கட்டணம் விலைக்குள் அடங்கியதா என்று முதலே கேளுங்கள். காற்று அடைத்த தாங்கியோடு கடலில் மூழ்கும் ஆசை இருந்தால் கிழமையின் முற்பகுதியில் முடித்துவிட வேண்டும்: பல தடவை மூழ்கினால் விமானம் ஏற 18 மணிநேரமாவது இடைவெளி தேவை.

டைம்ஷெயாரின் உண்மையான லாபம் குசினியில். ஆறு பேருக்கு காலையும் இரவும் அங்கே சமைத்தால் கடைச் செலவு பாதியாகும். வெள்ளவத்தையில் மிளகாய்த்தூள் 200 கிராம், பருப்பு ஒரு கிலோ, கடுகு, பெருஞ்சீரகம், காய்ந்த கறிவேப்பிலை என்று மூடிய பொதிகளில் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால், அரிசி, மீன் எல்லாம் அங்கே தாராளம். இறைச்சி வகை எதுவும் கொண்டுபோக வேண்டாம். சோற்றுச் சட்டி அங்கே இருக்கும்; எங்கள் மூன்று கால் பிளக் மட்டும் அங்கே பொருந்தாது, புறக்கோட்டையில் இரண்டு அடாப்டர் எடுத்துவையுங்கள்.

விமான நிலையத்திலோ ரிசார்ட் வாசலிலோ "இலவசத் தீவுப் பயணம், 90 நிமிடம் மட்டும் உட்காருங்கள்" என்று கூப்பிடுவார்கள். அது புதிய டைம்ஷெயார் விற்கும் கூட்டம். 90 நிமிடத்தில் ஒருபோதும் முடியாது, நல்ல வெயிலுள்ள அரைநாளை விழுங்கிவிடும். போவதென்றால் மழை நாளில், கடன் அட்டையை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனிக்க: மோட்டார் சைக்கிள் பிரிவுள்ள சர்வதேச அனுமதிப் பத்திரம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்புறுதி கைவிரிக்கும். இடப்பக்க ஓட்டம்தானே என்று அசட்டை வேண்டாம்.

கடைசிச் சனி 10 மணிக்கு அறையை விடுகிறீர்கள். பெட்டிகளை வரவேற்பில் வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தைப் பாவிக்கப் பெரும்பாலும் விடுவார்கள். இருந்தாலும் நனைந்த உடுப்பை மாற்ற இடம் உண்டா என்று முதல்நாள் இரவே கேளுங்கள். புக்கெட்டிலிருந்து மத்தியானத்துக்குப் பிறகு விமானம், பாங்கொக்கில் ஓர் இரவு, ஞாயிறு காலை சத்துசாக் சந்தை, பிறகு கொழும்பு. வாங்கும் சாமான் எல்லாவற்றையும் இந்தக் கடைசி நாளுக்கு விட்டால் உள்ளூர் விமானத்தில் மேலதிகப் பொதிக்குக் காசு கட்டத் தேவையில்லை.