பழைய ஆங்கிலேய வெள்ளித் தட்டில் குலச்சின்னத்தைப் படிப்பது எப்படி

லண்டனில் பழைய வெள்ளித் தட்டு வாங்கப் போனால், விற்பவர் முதலில் சொல்வது ஏதாவது ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தட்டைத் திருப்பி ஹால்மார்க்கை, அதாவது வெள்ளியைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகளைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு, சோதித்த ஊரைச் சொல்வது சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம். ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும்; அந்த வரிசை ஊருக்கு ஊர் வேறு. வரி கட்டியதற்கு அடையாளமான அரசர் தலை 1784 முதல் 1890 வரை குத்தப்பட்டது.

சரி, இனி லூப்பை (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியை) எடுத்து, தட்டில் பொறித்த குலச்சின்னத்தின் கேடயத்துக்கு வாருங்கள். வெள்ளியில் வண்ணம் தீட்ட முடியாது என்பதால் நிறங்களைக் கீறலில் காட்டினார்கள். செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, கட்டம் கட்டமாக இருந்தால் கறுப்பு. என்னிடம் உள்ள தட்டில் செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே மூன்று பறவைகள், உடம்பெல்லாம் பொடிப் புள்ளி. சிவப்பில் பொன் பறவைகள் என்று எழுதிக்கொண்டால் தேடலாம். பாப்வொர்த் தொகுத்து 1874இல் வெளிவந்த குலச்சின்ன நூல் சின்னத்தின் வடிவத்தை வைத்தே குடும்பத்தைத் தேட உதவும்.

கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால் விடவே விடாதீர்கள். நம் பார்வைக்கு இடப்பக்கம் கணவர் குடும்பம், வலப்பக்கம் மனைவியின் பிறந்த வீடு. இரண்டு குடும்பங்களுக்கும் இடையே நடந்த கல்யாணத்தைத் தேடினால், பெரும்பாலும் ஒரே தம்பதியிடம் போய் நிற்போம். கல்யாண ஆண்டும் ஹால்மார்க் ஆண்டும் ஒத்துவந்தால் எனக்கு அன்று தூக்கம் வராது! கேடயத்துக்குப் பதில் சாய்சதுர வடிவம் இருந்தால் அது விதவையுடையதோ மணமாகாத பெண்ணுடையதோ.

கரண்டி, முள்கரண்டிகளில் இடம் குறைவு என்பதால் குலச்சின்னத்தில் தலைக்கவசத்தின் மேல் வரும் சிறு உருவம் மட்டுமே இருக்கும். ஒரே சிங்கத் தலையைப் பல குடும்பங்கள் வைத்திருந்தன. அதை மட்டும் காட்டிப் பெயர் சொன்னால் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முள்கரண்டிகளில் பின்பக்கமும் பாருங்கள். அன்று மேசையில் கவிழ்த்து வைத்ததால் பொறிப்பு அங்கேதான் இருக்கும்.

பழைய சின்னத்தை அழித்துப் புதிதாகப் பொறிப்பதும் உண்டு. தட்டின் மேல் வாயால் ஊதினால் அழித்த கோடுகளின் சாயல் சில சமயம் தெரியும். நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கே மட்டும் மெலிந்து நெளிந்தால் சுரண்டியிருக்கிறார்கள். விரலில் கூராக உரசும் கோடுகளையும் சந்தேகியுங்கள், பழைய பொறிப்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

வாங்கியபின் பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம், புள்ளிகள்தான் முதலில் போகும். மென்மையான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, உடனே துடைத்து உலர்த்துவது போதும்.