502 பிழை வந்தால் எங்கே பார்ப்பது? ஜாங்கோ தளத்தை குனிகார்ன் சர்வீஸாக ஓட்டும் முறை

உபுண்டு 22.04 சர்வரில் ஜாங்கோ (தளத்தை எழுதும் பைதான் கட்டமைப்பு), குனிகார்ன் (அந்தத் தளத்தை ஓட்டும் நிரல்), என்ஜின்எக்ஸ் (உலாவியின் கோரிக்கையை வாங்கி குனிகார்னுக்கு அனுப்பும் வெப் சர்வர்) மூன்றையும் நிறுவிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குனிகார்னைக் கண்காணிக்கும் வேலையை, சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் விட்டுவிடுங்கள். சூப்பர்வைசர் போன்ற தனிக் கருவி தேவையில்லை. உபுண்டுவிலேயே இருப்பது போதும்.

முதல் படி, குனிகார்னை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பு. எக்ஸெக்ஸ்டார்ட் வரியில், வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் (இந்தத் தளத்துக்கான தனி பைதான் கோப்புறை) இருக்கும் குனிகார்னின் முழுப் பாதையையும் எழுதுங்கள். யூசர் வரியில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) வேண்டவே வேண்டாம். வொர்க்கர் (கோரிக்கைகளைக் கையாளும் குனிகார்ன் செயல்முறை) எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒன்றே ஓடும். ப்ராசஸர் கோர்களை இரட்டித்து ஒன்றைக் கூட்டுவது வழக்கமான கணக்கு: 2 கோருக்கு 5. ரேம் குறைந்த சர்வரில் நான் 3-இல்தான் தொடங்குவேன்.

அடுத்தது சாக்கெட், அதாவது என்ஜின்எக்ஸும் குனிகார்னும் பேசிக்கொள்ளும் கோப்பு. என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். சர்வீஸ் நன்றாக ஓடுவதாக சிஸ்டம்சிடிஎல் (சிஸ்டம்டியை இயக்கும் கட்டளை) சொல்லும். உலாவியிலோ 502 நிற்கும்; குனிகார்னிடமிருந்து சரியான பதில் என்ஜின்எக்ஸுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 என்றால் சாக்கெட் கோப்பே அங்கு இல்லை. 111 என்றால் கோப்பு இருக்கிறது, கேட்க ஆளில்லை. 13 என்றால் அனுமதி மறுப்பு. எனக்கு வந்தது 13.

உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளின் அனுமதி 750; உரிமையாளரும் அவர் குழுவும் தவிர மற்றவர்கள் நுழைய முடியாது. சாக்கெட்டை அதற்குள் வைத்தால், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடும் என்ஜின்எக்ஸால் வாசலையே தாண்ட முடியாது. சாக்கெட்டுக்கே 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாலும் பயனில்லை. ஹோம் கோப்புறையைத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். சர்வீஸ் கோப்பில் ரன்டைம்டைரக்டரி என்ற வரியைச் சேர்த்தால், ரன் கோப்புறைக்குள் சிஸ்டம்டியே இடம் அமைத்துத் தரும். சாக்கெட்டை அங்கே வையுங்கள். என்ஜின்எக்ஸிலும் அதே பாதையைக் கொடுங்கள்.

பிறகு சிஸ்டம்சிடிஎல்லில் டீமன்-ரீலோட், எனேபிள், ஸ்டார்ட். எனேபிளை விட்டுவிட்டால் சர்வர் மறுதொடக்கமாகும்போது தளம் எழாது.

பின்சேர்க்கை: பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் பிழை வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். குனிகார்ன் 30 விநாடி பதில் தராத வொர்க்கரைக் கொன்றுவிடும். ஜர்னல்சிடிஎல்லில் (சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) 'வொர்க்கர் டைம்அவுட்' என்ற வரி இருந்தால் காரணம் அதுவே. டைம்அவுட் மதிப்பை உயர்த்துவது தற்காலிகத் தீர்வு. கோப்பைப் பிரித்துச் செயலாக்கும் நீண்ட வேலையை, பின்னணியில் வேலைகளை ஓட்டும் கருவியான செலரிக்கு மாற்றுங்கள்.