இங்கிலாந்துக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990-91 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் ஸ்டீவ் புரூஸ் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 கோல் அடித்தார். முன்களத்தில் ஆடுபவர்கள் பலருக்கே எட்டாத எண்ணிக்கை அது. அதே புரூஸ் இங்கிலாந்தின் மூத்த தேசிய அணிக்கு ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் அவரைத் தவறிப்போய்ப் பின்களத்தில் நிறுத்தப்பட்ட கோலடிப்பவர் என்று நினைப்பார். இரண்டாவதை மட்டும் பார்ப்பவர் நாட்டுக்கு ஆடும் தரமில்லாதவர் என்று தள்ளிவிடுவார். பெனால்டி அடிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்ததால் கோல் கணக்கு ஏறியது. டெர்ரி புட்சர், மார்க் ரைட், டெஸ் வாக்கர், டோனி ஆடம்ஸ் என்று அவருடைய இடத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றதால் தேசிய அணிக் கணக்கு பூஜ்யத்தில் நின்றது. 1993, 1994, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக் பட்டம் வென்ற அணியின் நடுப் பின்களத்தில் அவர் நின்றார் என்ற செய்தி இந்த இரண்டு எண்களிலும் இல்லை.

கிரிக்கெட் அட்டவணையில் ஊறிய நமக்கு ஓர் ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்தே அவரை எடைபோடும் பழக்கம் உண்டு. மட்டையாளருக்கும் பந்துவீச்சாளருக்கும் அது ஓரளவு ஒத்துவரும். தடுப்பாட்டக்காரருக்கு ஒத்துவராது. நடக்கவிருந்த ஒன்றை நடக்காமல் செய்வதே அவருடைய வேலை என்பதால், அந்த வேலை நன்றாக முடிந்த இடத்தில் பதிவு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. அவரைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகளில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

டேக்கிள், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, அதன் எண்ணிக்கையைத் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது அவற்றில் முதன்மையானது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் எட்டு முறை காலை நீட்டிப் பந்தைப் பறித்தார் என்றால், அவருடைய அணி நாள் முழுவதும் அடிவாங்கிக்கொண்டிருந்தது என்றோ, முன்கூட்டியே நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கவில்லை என்றோகூட அதற்குப் பொருள் இருக்கலாம். சரியான இடத்தில் நிற்பவரிடம் பந்து தானாக வந்து சேரும், அல்லது எதிரணி அந்தப் பக்கமே வராது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1970 ஜூன் 7 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பிரேசிலுக்கு எதிரான உலகக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் பாபி மூர் ஆடிய ஆட்டம். நண்பகல் வெயில். பந்தோடு வேகமெடுத்து வருகிறார் ஜெயர்சின்ஹோ. மூர் பாய்ந்து விழவில்லை. முகம் கொடுத்தபடியே பின்னோக்கி நகர்ந்து, அவரைப் பெனால்டி பகுதி வரை வரவிட்டு, அவர் பந்தைத் தள்ளும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, வலக்காலை நீட்டிப் பந்தை மட்டும் கொக்கிபோல் இழுத்தெடுக்கிறார். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காதவர்போலப் பந்தை முன்னே கொண்டுபோகிறார். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலை அடித்தவரும் இதே ஜெயர்சின்ஹோதான். இங்கிலாந்து 0-1 எனத் தோற்றது. அட்டவணையில் மூரின் பெயருக்கு நேரே ஒரு தோல்வி மட்டும் பதிவானது. ஆட்டத்தைப் பார்த்தவர்களோ அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஒரு பறிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அணி முழுவதும் சேர்ந்து சாதித்ததை ஒருவருடைய கணக்கில் எழுதிவிடுவது அது. 2004-05 பருவத்தில் செல்சி 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அதை ஜான் டெர்ரியின் சாதனை என்று எழுதுவோர் பலர். அவருக்குப் பக்கத்தில் ரிக்கார்டோ கர்வாலியோ நின்றார், பின்னால் கோல்கம்பத்தை பெட்ர் செக் காத்தார், முன்னால் க்ளோட் மகலேலே அரண்போல் நின்றார், இவர்கள் எல்லாரையும் ஒழுங்குபடுத்தியவர் ஜோஸே மொரின்யோ. டெர்ரிக்கென்றே தனியாக ஒரு சாதனை வேண்டுமென்றால், பிரீமியர் லீக்கில் அவர் அடித்த 41 கோல்களைச் சொல்லலாம். அந்தப் போட்டியில் வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் அத்தனை அடித்ததில்லை.

சேம் சைடு கோலை நகைச்சுவையாக்கி ஒருவருடைய வாழ்க்கையை அதற்குள் அடைப்பதும் பரவலாக இருக்கிறது. 1999 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் லிவர்பூலின் ஜேமி காரகர் இரண்டு முறை தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். லிவர்பூல் 2-3 எனத் தோற்றது. இந்தச் செய்தி உண்மை. ஆனால் அது எப்படி நேர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கவாட்டிலிருந்து பந்து தாழ்வாகவும் வேகமாகவும் வரும்போது தடுப்பாட்டக்காரர் தன் வலையை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்; அவருக்குப் பின்னால் எதிரணி ஆள் காத்திருப்பார். காலை நீட்டினால் பந்து எங்கும் போகலாம், நீட்டாவிட்டால் கோல் உறுதி. ஆகவே சேம் சைடு கோல் அதிகம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஆபத்தான இடத்தில் மீண்டும் மீண்டும் நின்றவர்களாக இருப்பார்கள். காரகர் அப்படி நின்று லிவர்பூலுக்காக 737 ஆட்டங்கள் ஆடினார். 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் தசைப்பிடிப்போடு பந்துகளின் குறுக்கே விழுந்துகொண்டிருந்தவரும் அவர்தான்.

அந்த 737 என்ற எண்ணிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. இணையப் பக்கங்களின் ஓரப் பெட்டியில் காணப்படும் எண் பொதுவாக லீக் ஆட்டங்களை மட்டும் குறிக்கும். காரகருக்கு அது 508. கோப்பைப் போட்டிகளும் ஐரோப்பியப் போட்டிகளும் சேர்ந்தால்தான் 737 வரும். டெர்ரிக்குச் செல்சியில் லீக் கணக்கு 492, மொத்தக் கணக்கு 717. ஒருவருக்கு லீக் எண்ணையும் மற்றவருக்கு மொத்த எண்ணையும் எடுத்து ஒப்பிட்டு எழுதப்பட்ட கட்டுரைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். எந்த எண், எதற்கான எண் என்று ஒரு சொல் கூட்டி எழுதினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

லீக்கின் பெயரில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது, தமிழில் எழுதும்போது இன்னும் கூடுதலாக நேர்வது. 1992 வரை ‘முதல் டிவிஷன்’ என்பதே இங்கிலாந்தின் உச்ச அடுக்கு. அந்த ஆண்டு உச்ச அடுக்கு பிரீமியர் லீக் என்று தனியாகப் பிரிந்து சென்றதும் அதுவரை இரண்டாம் டிவிஷனாக இருந்தது முதல் டிவிஷன் என்ற பெயரைப் பெற்றது. 2004-இல் அதுவே சாம்பியன்ஷிப் ஆனது. ஆகவே 1985-இல் முதல் டிவிஷனில் ஆடியவர் நாட்டின் மேல்தட்டில் ஆடினார். 1995-இல் முதல் டிவிஷனில் ஆடியவர் ஒரு படி கீழே ஆடினார். ஆண்டைப் பார்க்காமல் இரண்டையும் ‘முதல்தரப் போட்டி’ என்று மொழிபெயர்த்துவிட்டால் ஒருவர் வாழ்க்கையின் ஏற்ற இறக்கமே தலைகீழாகிவிடும். ‘பிரீமியர் லீக் பட்டங்கள்’ என்று மட்டும் எண்ணுவதும் இதே குளறுபடியின் மறுபக்கம். அர்செனலின் டோனி ஆடம்ஸ் 1989, 1991, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை நாட்டின் சாம்பியன். பிரீமியர் லீக் என்று வடிகட்டினால் அவர் கணக்கில் பாதி காணாமல் போகும். மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் ஒரே அணிக்குத் தலைவராக இருந்து பட்டம் வென்றவர் என்ற அரிய செய்தியும் அதோடு சேர்ந்து போய்விடும்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய அணிக்கு ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அங்கே ‘கேப்’ என்று எண்ணுவார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதை ‘108 தொப்பிகள்’ என்று தமிழாக்கி, பாபி மூரைத் தொப்பிக் கடைக்காரர் ஆக்கிவிடுகிறது. தேசிய அணிக்காக 108 ஆட்டங்கள் என்றால் போதும். ‘சென்டர் ஹாஃப்’ என்பதை நடுக்கள வீரர் என்று எழுதக் கூடாது. 1925-இல் ஆஃப்சைடு விதி மாறும் வரை அந்தப் பெயருக்குரியவர் நடுக்களத்தில்தான் ஆடினார். விதி மாறிய பிறகு அவரைப் பின்னால் இழுத்து இரு பக்கத் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஆள் இடம் மாறினார், பெயர் மாறவில்லை. இங்கிலாந்தில் பிறந்தவர் எல்லாரும் இங்கிலாந்து அணிக்கு ஆடுபவர் என்று கருதுவதும் பிழை. 2016-இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது அணித்தலைவராக இருந்த வெஸ் மோர்கன் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், ஆடியதோ ஜமைக்காவுக்கு.

‘லோன்’ என்பதைக் கடன் என்று எழுதினால் ஆட்டக்காரர் பணம் வாங்கியதுபோல் இருக்கும். இரவல் என்பது பொருந்தும். சொல்லைவிடப் பெரிய தவறு, இரவலாகப் போனதைத் தோல்வியின் அடையாளமாக எழுதுவது. ரியோ ஃபெர்டினாண்ட் 1996-இல் போர்ன்மத்துக்கும் டெர்ரி 2000-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் இரவலாகப் போய் ஆடியவர்கள்தாம். தடுப்பாட்டக்காரர் முதிர்ச்சியடைய நாளாகும். வேகமும் துணிச்சலும் பத்தொன்பது வயதிலேயே வந்துவிடும். எப்போது நகரக் கூடாது என்ற அறிவு பல நூறு ஆட்டங்களுக்குப் பிறகே வரும்.

டேன் பர்ன் என்பவரின் பாதையைப் பாருங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் பிளைத் ஊரைச் சேர்ந்த அவரைச் சிறுவயதில் நியூகாஸில் யுனைடெட்டின் பயிற்சிக்கூடம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. டார்லிங்டனில் தொடங்கி, 2011-இல் ஃபுல்ஹாமில் சேர்ந்து, அங்கிருந்து இயோவில் டவுனுக்கு இரவலாகப் போனார். 2013 மே மாதம் வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் பிரென்ட்ஃபோர்டை 2-1 என வென்று இயோவில் சாம்பியன்ஷிப்புக்கு உயர்ந்தது; இரண்டாவது கோல், இடைவேளைக்குச் சற்று முன்னால், பர்ன் அடித்தது. பிறகு பர்மிங்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி, 2022 ஜனவரியில் தன்னை அனுப்பிவிட்ட நியூகாஸிலுக்கே வந்து சேர்ந்தார். 2025 மார்ச் 16 அன்று அதே வெம்ப்ளியில் லிவர்பூலுக்கு எதிராக லீக் கோப்பை இறுதியாட்டம். மீண்டும் இடைவேளைக்குச் சற்று முன். கீரன் டிரிப்பியர் கார்னரிலிருந்து தூக்கியடித்த பந்துக்கு, கோல் வாயில் முட்டிமோதும் கூட்டத்தைவிட்டு விலகித் தள்ளி நின்ற பர்ன் எழும்பி, அவ்வளவு தூரத்திலிருந்தே தலையால் முட்டி வலையின் மூலைக்கு அனுப்பினார். அதே 2-1. எழுபது ஆண்டுகளில் நியூகாஸிலுக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுக் கோப்பை அது. ஐந்து நாள் கழித்து, 32 வயதில், முதன்முறையாக இங்கிலாந்துக்கு ஆடினார். 2013-க்கும் 2022-க்கும் இடையில் இவரைப் பற்றிக் குறிப்பு எழுதியவர் ‘ஊர் ஊராகச் சுற்றிய சராசரி ஆட்டக்காரர்’ என்று முடித்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

இது புதுமையும் அல்ல. ஜாக் சார்ல்டனுக்கு முதல் தேசிய ஆட்டம் 1965 ஏப்ரலில், முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது கிடைத்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் மூருக்குப் பக்கத்தில் நின்றார். எண் குறைவாக இருப்பதற்கு உடலும் காரணமாகலாம். டாட்டன்ஹாமின் லெட்லி கிங், முழங்கால் பழுதால் வாரம் முழுவதும் பயிற்சியே செய்யாமல் ஆட்ட நாளில் மட்டும் களமிறங்கியவர். அவருடைய 21 தேசிய ஆட்டங்களை வெறும் 21 என்று எழுதுவது அநியாயம்.

ஒரே ஓர் உதையில் ஒருவரைப் பூட்டிவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். ஸ்டூவர்ட் பியர்ஸ் 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர் என்பதோடு நிறுத்துபவர்கள், 1996 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக அவரே முன்வந்து பெனால்டியை அடித்ததையும், நான்கு நாள் கழித்து ஜெர்மனிக்கு எதிராக மீண்டும் அடித்ததையும் சேர்க்க வேண்டும். அந்த ஜெர்மனி ஆட்டத்தில் தவறவிட்ட கேரத் சவுத்கேட், எட்டு ஆண்டுகள் கழித்து மிடில்ஸ்பரோவின் முதல் பெரிய கோப்பையை அணித்தலைவராகக் கையில் ஏந்தினார்.

கடைசியாக, விலை. 2019 ஆகஸ்டில் ஹாரி மகுவயரை லெஸ்டரிடமிருந்து மான்செஸ்டர் யுனைடெட் 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தடுப்பாட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட உலகச் சாதனை விலை அது. ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள், விற்பவரின் பிடிவாதம், வாங்குபவரின் அவசரம் எல்லாம் சேர்ந்து விலையை முடிவுசெய்யும். ஆட்டக்காரர் அந்தப் பேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே. ஆனாலும் அவருடைய ஒவ்வொரு பிழையும் அந்த எட்டுக் கோடியோடு ஒட்டியே எழுதப்பட்டது. 2023 கோடையில் அணித்தலைமை பறிக்கப்பட்டபோது அவருடைய கதை முடிந்தது என்று எழுதியவர்கள் ஏராளம். 2025 ஏப்ரல் 17 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் லியோனுக்கு எதிரான ஐரோப்பா லீக் காலிறுதியில் கூடுதல் நேரத்தில் யுனைடெட் 2-4 எனப் பின்தங்கியது. வேறு வழியில்லாமல் மகுவயரை முன்களத்துக்கு அனுப்பினார்கள். ஆட்டம் 4-4 ஆனது. 121-ஆவது நிமிடத்தில் அவர் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய் 5-4 ஆனது. இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதினால், எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.