பழைய மரக்கதவில் பெயர்ந்த பெயிண்டைச் சரிசெய்வது: இரண்டு முறை செய்து கற்றது

சோழவந்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு வாசல் கதவு மேற்குப் பார்த்தது. தேக்கில் செய்த இரட்டைக் கதவு. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அதன்மேல்தான் விழும். பங்குனி, சித்திரையில் கையை வைத்தால் சுடும். அந்த வெயிலும், தினமும் விடியற்காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரும் சேர்ந்து கீழே ஒரு முழ உயரத்துக்கு பெயிண்டைச் செதில் செதிலாக எழுப்பிவிட்டன. மேலே அங்கங்கே ரூபாய்க் காசு அளவில் பெயர்ந்திருந்தது.

முதல் தடவை நானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்தேன். மூன்று மாதம்கூட நிற்கவில்லை. போன வருடம் மாசியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து ஆறு நாள் செய்தேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டி இன்றுவரை ஒரு செதில் எழவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எழுதினால் வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இந்தப் பதிவு. இது எனாமல் அடித்த கதவுக்கான முறை. வார்னிஷ், பாலிஷ் போட்ட கதவுக்குப் பொருந்தாது.

எந்த மாதம் நல்லது

பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி கடைசி வரை உள்ள நாட்கள்தான் மதுரைப் பக்கத்துக்குத் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அதன்மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெயில் ஏறியதும் கொப்புளமாகக் கிளம்பும். ஆடியில் காற்று; தெருப் புழுதியெல்லாம் ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டும். சித்திரை வெயிலில் பிரஷ் கோடு பரவிச் சமமாவதற்குள் பெயிண்ட் இறுகிவிடும். திருவிழாவுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்றால், கதவில் வெயில் விழாத நேரத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். மேற்குப் பார்த்த கதவுக்குக் காலை 7 முதல் 11 வரை, கிழக்குப் பார்த்ததற்குப் பிற்பகல்.

வாங்க வேண்டியவை

உப்புத்தாள் என்று பொதுவாகக் கேட்டால் பழுப்புத் தாளைக் கொடுப்பார்கள். அது தண்ணீர் பட்டால் கூழாகிவிடும். வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள், கறுப்பாக இருக்கும். 120, 220, 320 என்று மூன்று நம்பரிலும் இரண்டிரண்டு தாள். பட்டித் தகடு, அதாவது குழியை நிரப்பும் பட்டி மாவை இழுக்கிற தகடு, இரண்டு அங்குலத்தில், வளைந்து கொடுக்கிற ஸ்டீல் தகடாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தகடு எனக்குப் பிடிக்கவில்லை, ஓரம் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. சுரண்டுவதற்குக் கடையில் விற்கும் முக்கோண ஸ்கிரேப்பரைவிட, பழைய ஆக்ஸா பிளேடில் ஒரு துண்டு போதும். ஒரு பக்கம் துணி சுற்றிக்கொண்டால் கைக்குள் அடங்கும், கதவின் வேலைப்பாட்டு இடுக்கிலும் நுழையும்.

பிரஷ்ஷில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவான பிரஷ் முடி உதிர்க்கும், அந்த முடி காய்ந்த பெயிண்டுக்குள் அப்படியே நிற்கும். ஒன்றரை அங்குலத்தில் நல்லதாக ஒன்று போதும்.

வுட் பிரைமர் (பெயிண்டுக்கு முன் மரத்தில் அடிக்கிற அடிப்பூச்சு), ஆயில் வகை, அரை லிட்டர். எனாமல் அரை லிட்டர்: ஏழுக்கு நாலு அடிக் கதவின் ஒரு பக்கத்துக்கு, இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய சரியாக வரும். சாக் பவுடர் அரைக் கிலோ, வார்னிஷ் சின்ன டப்பா, டர்பன்டைன், கொஞ்சம் தின்னர், செலோ டேப், மாஸ்க்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. பழைய கதவென்றால் ஈயம் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யுங்கள். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

அதனால் காய்ந்த கதவைத் தேய்க்கவே கூடாது, ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். உதிர்ந்ததை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொளுத்தவோ, நெருப்புக் காட்டிப் பெயிண்டை உரிக்கவோ வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

முதல் நாள்: கழுவுதல், சுரண்டுதல், தேய்த்தல்

நம் வீட்டு வாசல் கதவில் எண்ணெய் இல்லாத இடமே கிடையாது. நிலையில் மஞ்சள், குங்குமம். பக்கத்து மாடத்தில் ஏற்றும் விளக்கின் புகை. நாதாங்கியைச் சுற்றிப் பல வருடக் கைப்பிசுக்கு. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவி ஓடினால் சரி.

அடுத்ததுதான் நான் முதல் தடவை கோட்டைவிட்ட இடம். தகட்டை வைத்ததும் தானாக வந்த செதில்களை மட்டும் எடுத்துவிட்டு, குழியைப் பட்டியால் நிரப்பி, மேலே பெயிண்ட் அடித்தேன். அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் நான் நிரப்பிய இடம் அப்படியே நிற்க, அதைச் சுற்றி வட்டமாகப் பழைய பெயிண்ட் எழுந்து நின்றது. ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரி ஒருவர் அதை விரல் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, பெயர்ந்த இடத்தை மட்டும் பாத்திருக்கீங்க. பெயரப்போற இடத்தை விட்டுட்டீங்க” என்றார்.

பெயிண்ட் ஒரு இடத்தில் பெயர்ந்தால், அந்த ஓட்டை வழியாக ஈரம் பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் போகிறது. மேலே பார்க்க நன்றாக இருக்கும் ஓரம் அடியில் பிடிப்பை இழந்திருக்கும். புது பெயிண்ட் காயும்போது லேசாகச் சுருங்கும். அந்த இழுப்பே போதும், பிடிப்பில்லாத ஓரம் கிளம்பிவிடும்.

எதுவரை பிடிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை. ஒன்று ஆசாரி செய்த மாதிரி நகத்தால் தட்டுவது. பிடிப்புள்ள இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பிடிப்பில்லாத இடம் காய்ந்த சருகைத் தட்டினது போலக் கேட்கும். இரண்டாவது, கதவு நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தின்மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பது. டேப்போடு பெயிண்ட் வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும். மறுபடி டேப். வெறும் டேப் கையில் வரும்வரை விடாதீர்கள். காசு அளவில் இருந்த இடம் உள்ளங்கை அளவுக்கு விரியும். மனசு கஷ்டமாக இருக்கும், ஆனாலும் எடுங்கள். சுரண்டும்போது தகட்டைப் படுத்தாற்போல வைத்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குத்தாக வைத்தால் தேக்கில் தழும்பு விழும்.

பிடிப்புள்ள ஓரம் வந்ததும் அதைச் சரிவாக்க வேண்டும். பழைய கதவில் நாலைந்து கோட் பெயிண்ட் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், அதனால் அந்த ஓரம் ஒரு சின்னப் படி மாதிரி நிற்கும். படியை அப்படியே விட்டு மேலே அடித்தால் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது தெருவிலிருந்தே தெரியும். 120 வாட்டர் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றி, நனைத்து, ஓரத்தைச் சுற்றித் தேயுங்கள். கட்டை இல்லாமல் வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாக வெளிவரும். எங்கள் கதவில் வெளியே பச்சை, அடுத்து நீலம், அதற்குள் பழைய பிரைமரின் வெள்ளை, நடுவில் மரம். அந்த நீலம் பெரிய அத்தை கல்யாணத்துக்கு அடித்தது என்று அப்பத்தா சொன்னார். அன்றைக்கு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தக் கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வளையமும் கால் அங்குலமாவது அகலமாக வர வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெயிண்டிலிருந்து மரத்துக்கு விரலை ஓட்டுங்கள். எங்கே மரம் ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியாமல் போனால் போதும். கடைசியில் 220 தாளால் ஒரு தடவை. இந்த ஒரு வேலைக்கே எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

தட்டும்போது மரமே பொத்தென்று உள்வாங்கினாலோ மண் உதிர்ந்தாலோ அது கரையான் அல்லது உளுத்த மரம். பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் நாள்: பிரைமர்

ஈரமாகத் தேய்த்த மரம் ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அது பெயிண்டைப் பிடிக்க விடாது. தின்னரில் லேசாக நனைத்த துணியால் வெறும் மரத்தை மட்டும் துடையுங்கள். பழைய பெயிண்டில் தின்னர் பட்டால் அது சுருங்கிவிடும், கவனம். துடைத்த அரை மணி நேரத்துக்குள் பிரைமரை மெல்லிசாக, வளையங்களையும் மூடும்படி அடித்துவிடுங்கள்.

பட்டிக்கு முன்னால் பிரைமர் எதற்கு என்று கேட்பீர்கள். வெறும் மரத்தில் பட்டி வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது வெறும் சுண்ணப்பொடி, அது உதிரத்தான் செய்யும்.

மூன்றாம், நான்காம் நாள்: பட்டி பார்த்தல்

எனக்குப் பிடித்தது கையால் குழைக்கிற பட்டிதான். ஒரு தகரத்தில் பிரைமரை ஊற்றி, ஒரு ஸ்பூன் வார்னிஷ் விட்டு, சாக் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகக் குழையுங்கள். தகட்டைச் சாய்த்து, அழுத்தி இழுங்கள். ஒரு கோட் ஒரு போஸ்ட் கார்டு தடிமனுக்கு மேல் வேண்டாம். தடிமனாக வைத்தால் மேல் தோல் காய்ந்து உள்ளே மாவாகவே இருக்கும், பிறகு குழி விழும். முதல் கோட் ஒரு ராத்திரி காய்ந்தபின் இரண்டாவது. ஆழமான குழி, பழைய தாழ்ப்பாள் ஆணி ஓட்டை போன்றவற்றுக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து, பட்டிக்கு முன்பே அடைத்துவிடுங்கள்.

காய்ந்ததும் 220, பிறகு 320 தாளால் ஈரமாகத் தேய்த்து, பட்டி தெரியும் இடங்களில் மட்டும் இன்னொரு பிரைமர்.

ஐந்தாம், ஆறாம் நாள்: எனாமல்

பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். வெயிலில் வெளுத்த பழைய நிறத்துக்கும் டப்பாவில் இருக்கும் புது நிறத்துக்கும் எவ்வளவு முயன்றாலும் பொருந்தாது. அதனால் பழுது ஒரு பலகையில் என்றால் அந்தப் பலகை முழுவதும், சட்டத்தில் என்றால் அந்தச் சட்டம் மூட்டு வரைக்கும் அடித்து, இயற்கையாக விளிம்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள். நிறம் கலக்கக் கடைக்குப் போகும்போது, சுரண்டியதில் வெயில் பட்ட ஒரு செதிலைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கீலுக்கு அடியிலிருந்து எடுத்த செதில் வெளுக்காமல் இருக்கும், அதைக் காட்டினால் நிறம் தூக்கலாக வரும்.

பூசப்போகிற பலகை முழுவதையும் 320 தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் கொல்லுங்கள். பித்தளைக் குமிழ்களுக்கு டேப் ஒட்டுங்கள். முதல் கோட்டில் கொஞ்சம் டர்பன்டைன், இரண்டாவதில் அநேகமாகத் தேவையில்லை. நடுவில் ஒரு ராத்திரி.

வாசல் கதவை ராத்திரி சாத்தாமல் இருக்க முடியாது. அதனால் விடிந்ததுமே அடித்து முடித்துவிடுங்கள், நாள் முழுக்கத் திறந்திருக்கட்டும். இரவு சாத்தும்போது கதவும் நிலையும் தொடும் ஓரத்தில் பட்டர் பேப்பர் கீற்றுகளை வையுங்கள். காய்ந்துவிட்டது என்று கைக்குத் தோன்றினாலும் எனாமல் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை மாவிலைத் தோரணத்தின் கயிற்றைக்கூட அதன்மேல் உரச விடாதீர்கள்.

பதிவுக்குப் பின் வந்த கேள்விகள்

சுவருக்கு வாங்கிய வால் புட்டி மிச்சம் இருக்கிறது, போடலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். அது வெள்ளை சிமென்ட் சேர்ந்தது. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து அசையத் தெரியாமல் விரிசல் விடும்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர், கடையில் கொடுத்த என்சி புட்டியை வைத்ததும் சுற்றியுள்ள பழைய பெயிண்ட் சுருங்கிப்போனது என்று எழுதியிருந்தார். அதிலுள்ள தின்னர்தான் காரணம். சுருங்கியதை முழுக்கச் சுரண்டி, ஓரத்தை மறுபடி சரிவாக்கி, ஆயில் பட்டி போடச் சொன்னேன். சரியாகிவிட்டதாகச் சொன்னார்.

லின்சீட் ஆயிலில் பட்டி குழைக்கலாமா என்றால், தாராளமாக. பழைய முறையே அதுதான், காய மட்டும் நாளாகும். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

கீழ்ப்பகுதி மட்டும் திரும்பத் திரும்ப உரிகிறது என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. கதவைக் கழற்றி அடிவிளிம்பைப் பாருங்கள், அநேகமாக அங்கே பெயிண்டே பட்டிருக்காது. வாசல் தெளிக்கும் தண்ணீரை மரம் அந்த வழியாகத்தான் குடிக்கிறது. அங்கே இரண்டு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல். எங்களுடையது குடுமியில், அதாவது கீலுக்குப் பதில் மேலும் கீழும் உள்ள முளையில், சுழலும் கதவு, கழற்ற ஆளும் கிடைக்கவில்லை. வாசலில் கால் துடைக்கும் பழைய மிதியடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, மெல்லிய தகரத்தில் ஒட்டி, பிரைமரில் தோய்த்து, கதவுக்கும் படிக்கும் நடுவே உள்ள சந்தில் விட்டு இழுத்தேன். கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே வைத்துப் பார்த்தால், எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.