அம்மாவோடு இருந்து அந்தப் படம் பார்ப்பது எப்படி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் டீவி ஒன்றுதான், அதுவும் ஹோலில். ஆணை விரும்பும் ஆண்களின் படங்களை நான் பல வருசம் போர்வைக்குள் போனில்தான் பார்த்தேன். இயர்போன் ஒரு காதில் மட்டும். மற்றக் காது கதவுக்கு. முடிந்ததும் பார்த்த பட்டியலில் இருந்து அழித்துவிடுங்கள். நான் மறந்துபோனேன். அடுத்த நாள் மச்சான் டீவியைப் போட, பாதியில் விட்ட ‘மூன்லைட்’ முன்னுக்கு வந்து நின்றது. “ஏதோ இங்கிலீஸ் படம்” என்று சமாளித்தேன்.

2016இல் வந்த அந்தப் படத்தைத் தனியாகவே பாருங்கள். பிள்ளைகள் தன்னைத் திட்டும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சாப்பாட்டு மேசையில் சின்னப் பையன் கேட்பான். பெரியவர் ஒளிக்காமல் பதில் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம் ‘பொம்பிளைச்சட்டி’. அர்த்தம் கேட்க எனக்கு அப்படியொரு மேசை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அழுதாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு வேறு படம்: 2023இல் வந்த ‘காதல் தி கோர்’. மம்மூட்டியும் ஜோதிகாவும் என்றால் அம்மா எழும்பமாட்டார். மலையாளம் பாதி விளங்கும். மீதியை ஆங்கில எழுத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். படுக்கையறைக் காட்சி இல்லை. ஆணை விரும்புவதை ஒளித்துக்கொண்டு பஞ்சாயத்து இடைத்தேர்தலில் நிற்கும் மனுசனிடம், 20 வருசம் கூட இருந்த மனைவி விவாகரத்துக் கேட்கிறாள். அம்மா அவள் பக்கம்தான் நிற்பார், நிற்கட்டும். எனக்கு அப்போது சாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்க்கவேண்டியதே அந்த மனைவியைத்தான்.

‘ஃபனி போய்’ பிறகு. 83 கலவரத்துக்குள் வளரும் கொழும்புத் தமிழ்ப் பையனின் கதை, நம்முடையதுதான். ஆனால் அதில் பேசும் தமிழைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

வெள்ளி வேண்டாம், மாமாங்கம் கோயிலுக்குப் போய்வந்த களைப்பு இருக்கும். ஞாயிறு மத்தியானம், சோறும் தயிரும் முடிந்த பிறகு, மாமி வராத நாளாகப் பாருங்கள். சன்னலைச் சாத்துங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது சரி, பக்கத்து வீட்டுக்கு அது தெரியாது. அப்புறம், அம்மாவின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் ஒரு சுளகு முருங்கையிலை கொடுத்தேன். இலை உருவுகிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, நீங்களும் அவர் முகத்தை.

முடிந்ததும் எப்படி என்று கேட்காதீர்கள். என் அம்மா சொன்னது ஒன்றுதான்: “அந்தப் பொம்பிள இருவது வருசம் என்னெண்டு இருந்தவ?” சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணி தரும்போது கேட்டார்:

“சாதகக்காரரிட்ட இப்ப அவசரமில்ல எண்டு சொல்லட்டா, மனே?”

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே ஓம் என்றேன்.